கணினி அலமாரிக்குத் தண்ணீர் எதற்கு?



பால்மரம் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போவது ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், நம் தாய்மார்கள் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். வெயில் ஏறினால் பால் இறங்காது. இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீரால் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் கூடி நிற்கும். வெயில் வந்து இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் தளர்ந்துவிடும். ஆகவே பெரட்டு நேரம், வெட்டு நேரம், பால் நிறுக்கும் நேரம் எல்லாமே குளிர்ந்த பொழுதை வைத்துத்தான் குறிக்கப்பட்டன.

இன்று நான் பேசப்போவதும் குளிர்ச்சியை நம்பி நடக்கும் ஒரு தொழிலைப் பற்றித்தான். ரப்பர் மரத்துக்கு விடியற்காலைக் குளிர்ச்சி காசில்லாமல் கிடைக்கிறது. இந்தத் தொழிலுக்கோ இரவு பகல் பாராமல் குளிர்ச்சியைச் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. தரவு மையம் என்று செய்தித்தாள்களில் எழுதுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

நம் வீட்டுப் பிள்ளை கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடுகிறது. வங்கியில் போட்ட பணத்தை நாம் திரையில் பார்க்கிறோம். இவை கைப்பேசிக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவை எங்கோ ஒரு கட்டடத்தில், வரிசை வரிசையாக நிற்கும் இரும்பு அலமாரிகளுக்குள் இருக்கின்றன. அந்த அலமாரிக்கு ரேக் என்று பெயர். உயரம் ஏறத்தாழ 2 மீட்டர், அகலம் 60 சென்டிமீட்டர். நம் வீட்டில் துணி வைக்கும் அலமாரியின் ஒற்றைக் கதவு அளவுதான். அதற்குள் தட்டுத் தட்டாகக் கணினிகளைச் செருகி வைத்திருப்பார்கள்.

கணினி மாவரைப்பதில்லை, தண்ணீர் இறைப்பதில்லை. அதற்குள் போன மின்சாரம் கணக்கைப் போட்டு முடித்தபின் அப்படியே வெப்பமாக வெளியே வருகிறது. தேநீருக்கு வெந்நீர் வைக்கும் மின்கேத்தல் ஏறத்தாழ 2 கிலோவாட் மின்சாரம் எடுக்கும். முன்பெல்லாம் ஓர் அலமாரி முழுவதற்கும் 2 முதல் 5 கிலோவாட்தான். ஓர் அலமாரிக்குள் ஒன்றிரண்டு கேத்தல் கொதிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்சாதனம் போட்ட அறை அதைத் தாங்கிக்கொண்டது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் கணக்கு மாறிவிட்டது. 2024 மார்ச்சில் என்விடியா நிறுவனம் அறிவித்த ஜிபி200 என்விஎல்72 என்ற ஒரே அலமாரிக்கு ஏறத்தாழ 120 கிலோவாட் வேண்டும். அதே இரண்டு மீட்டர் இரும்புக் கூட்டுக்குள் அறுபது கேத்தல்கள், ஒரு நொடியும் நிற்காமல் கொதித்துக்கொண்டிருக்கின்றன!

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் சங்கதி என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஜொகூரில் குலாய் பக்கம் குலாய் யங் தோட்டம் இருந்தது பலருக்கு நினைவிருக்கலாம். போஸ்டெட் நிறுவனத்திடமிருந்து அந்த நிலத்தை வாங்கிய ஒய்டிஎல் நிறுவனம் அங்கே தரவு மைய வளாகம் அமைத்தது. நான் சொன்ன அதே அலமாரிகளை அங்கே நிறுவப்போவதாக 2024-இல் அறிவித்தது. செம்பனை நின்ற மண்ணில் இப்போது கணினி அலமாரிகள்.

பினாங்குக்கும் இதில் பங்கு உண்டு. 1972-இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கிய காலத்திலேயே இன்டெல் நிறுவனம் இங்கு வந்துவிட்டது. அக்கரையிலிருந்து பேருந்திலும் ஃபெர்ரியிலும் வந்து அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் பூதக்கண்ணாடி வழியே சில்லுகளைப் பார்த்து வேலை செய்த தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேர்! கணினிச் சில்லின் முதுகில் ஒரு செப்பு மூடி ஒட்டப்படும். சில்லில் பிறக்கும் வெப்பம் முதலில் ஏறுவது அந்த மூடியில்தான். சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் தொழிற்சாலைகளில் நடக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று. ஆக, வெப்பத்தை வெளியேற்றும் வேலையின் முதல் படி நம் ஊர்க் கைகளுக்குப் பழகியதே.

இனி அந்த வெப்பத்தை எப்படி வெளியே கொண்டுவருவது என்று பார்ப்போம். முதலில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஜார்ஜ்டவுனில் ஓர் அலுவலகத்தின் கணினி அறையைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் நான் இருந்தேன். எட்டு அலமாரிகள், இரண்டு குளிர்சாதனங்கள். 2009-ஆம் ஆண்டு தீபாவளியன்று, எண்ணெய் தேய்த்துக் குளித்து உட்கார்ந்த நேரம், காவலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு குளிர்சாதனங்களும் நின்றுபோயிருந்தன. கதவைத் திறந்தேன், புகை வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. வெப்பமானி 41 பாகை காட்டியது. வீட்டிலிருந்து மேசைக் காற்றாடிகளைக் கொண்டுவந்து வைத்து ஒருவாறு சமாளித்தோம்.

என்னை யோசிக்க வைத்தது அதற்குப் பிந்தி நடந்ததுதான். குளிர்சாதனங்களைப் பழுது பார்த்தாயிற்று, அறையில் 21 பாகை, சட்டைக்கு மேல் சட்டை போடும் அளவுக்குக் குளிர். ஆனாலும் ஒரே ஓர் அலமாரியில் மேல் தட்டிலிருந்த கணினி அடிக்கடி சூடேறி நின்றுகொண்டே இருந்தது. ஒருநாள் வெப்பமானியைச் சுவரிலிருந்து கழற்றி அந்தக் கணினியின் மூக்குக்கு நேரே தொங்கவிட்டேன். 34 பாகை! அலமாரியின் பின்புறம் வெளியேறிய சூடான காற்று, காலியாகக் கிடந்த தட்டுகளின் இடைவெளி வழியாகவும் தலைக்கு மேலாகவும் சுற்றி வந்து மறுபடி முன்புறமே நுழைந்துகொண்டிருந்தது. காலி இடங்களை முதலில் அட்டையாலும் பிறகு தகட்டாலும் மூடினேன். அங்கே 25 பாகைக்கு இறங்கிவிட்டது. அறை குளிர்ந்திருப்பதும் அலமாரி குளிர்ந்திருப்பதும் இரு வேறு சங்கதிகள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அறையின் வெப்பமானி பொய் சொல்லவில்லை. நான்தான் அதைத் தவறான இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அட்டையும் தகடும் 3 கிலோவாட் அலமாரிக்குப் போதும். 120 கிலோவாட்டுக்கு? ஒரு சிறு கணக்குப் போடுவோம். காற்று பத்துப் பாகை சூடேறி வெளியே போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவாட் வெப்பத்தைத் தூக்கிச் செல்ல நொடிக்கு ஏறத்தாழ 80 லிட்டர் காற்று வேண்டும். 120 கிலோவாட்டுக்கு நொடிக்குப் பத்தாயிரம் லிட்டர். அலமாரியின் முன்கதவு முழுவதையும் திறந்தே வைத்தாலும், அந்தக் காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே பாய வேண்டும். கப்சாயில் போகும்போது முகத்தில் அறைகிற காற்று, ஒவ்வோர் அலமாரிக்குள்ளும் நாள் முழுவதும்! அப்படி வீச வைக்கும் விசிறிகளே பெரும் மின்சாரத்தைத் தின்றுவிடும்.

இதே வேலையைத் தண்ணீரிடம் கொடுத்தால் நொடிக்கு மூன்று லிட்டர் போதும். சம அளவு காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். தாய்மார்களுக்கு இது புதிதன்று. குழந்தைக்குக் கலக்கிய பால் சூடாக இருந்தால் புட்டியைக் காற்றாடிக்குக் கீழே வைத்துக் காத்திருப்பீர்களா? ஒரு சட்டித் தண்ணீரில் வைத்துச் சுழற்றுவீர்கள். குழந்தை இரண்டாவது முறை அழுவதற்குள் பால் ஆறிவிடும். ஆண்களுக்கு வேறு உதாரணம் சொல்கிறேன். கப்சாய் எஞ்சினைச் சுற்றிச் செதிள் செதிளாக இருக்கிறதே, காற்றுப் பட்டால் ஆறிவிடும். அதற்குத் தண்ணீர் வேண்டாம். பழக்குலை ஏற்றும் லாரிக்கு அது போதாது. எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டும், ரேடியேட்டர் வேண்டும். கணினி அலமாரியும் கப்சாயாக இருந்து லாரியாகிவிட்டது.

தண்ணீரை அலமாரிக்கு எவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோவது என்பதில் படிகள் உண்டு. அலமாரிகளின் வரிசைக்கு நடுவிலேயே ஒரு குளிர்விக்கும் பெட்டியை நிறுத்துவது முதற்படி. அலமாரியின் பின்கதவையே ரேடியேட்டராக்கிவிடுவது அடுத்தது. சூடான காற்று கதவைத் தாண்டும்போதே அதன் குழாய்களில் ஓடும் தண்ணீரிடம் வெப்பத்தை விட்டுவிட்டு, ஆறி வெளியே வரும். 2005-இல் ஐபிஎம் நிறுவனம் இப்படி ஒரு கதவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய அறைகளுக்கு இது நல்ல உபாயம். கணினியைத் தொடாமலே கதவை மட்டும் மாற்றலாம்.

எல்லாவற்றுக்கும் உள்ளே போவது குளிர்தட்டு. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய செப்புத் தட்டு; அதற்குள் மயிரிழை போன்ற வாய்க்கால்கள். சில்லின் மூடிமேல் அது நேராக உட்கார்ந்துகொள்ளும். வாய்க்கால்களில் திரவம் ஓடி, வெப்பம் காற்றில் கலப்பதற்கு முன்னமே அதை வாரிக்கொண்டு போய்விடும். 120 கிலோவாட் அலமாரியில் இருப்பது இந்த முறைதான். சில்லல்லாத மற்ற உறுப்புகளின் சூடு கொஞ்சம் காற்றுக்குத்தான் போகும். ஆகையால் விசிறிகள் முற்றிலும் ஒழிந்துவிடுவதில்லை. கணினியையே மின்சாரம் கடத்தாத திரவத்தில் அமிழ்த்திவிடும் முறையும் உண்டு. 1985-இல் வந்த கிரே-2 என்ற மகா கணினி அப்படித்தான் மூழ்கிக் கிடந்தது.

சொல்லப்போனால் இதில் எதுவும் புதிதில்லை. 1960-களிலேயே ஐபிஎம்மின் பெரிய கணினிகளுக்குள் தண்ணீர் ஓடியது. 1990-களில் சில்லின் அமைப்பு மாறி வெப்பம் தணிந்ததும், குழாய்களைக் கழற்றிவிட்டுக் காற்றுக்கு மாறினார்கள். வெப்பம் மறுபடி ஏறியதும் தண்ணீரைத் தேடி வந்திருக்கிறார்கள்.

மின்சாரம் ஓடும் இடத்தில் தண்ணீரா என்று நேயர்கள் திடுக்கிடலாம். நியாயமான பயம்தான். வெளியிலிருந்து வரும் தண்ணீர் நேராகச் சில்லுக்குப் போவதில்லை. நடுவில் ஒரு வெப்பமாற்றி இருக்கும். அதன் ஒரு பக்கம் கட்டடத்துத் தண்ணீர். மறு பக்கம் பாசியும் துருவும் பிடிக்காதபடி மருந்து கலந்த சுத்தமான திரவம். அது அலமாரிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடும். குழாயைக் கழற்றினால் தானே மூடிக்கொள்ளும் பொருத்துகளும், ஒரு சொட்டு சிந்தினாலும் மணியடிக்கும் கருவிகளும் உண்டு. ஆனாலும் ஓர் ஆபத்து தங்கிவிடுகிறது. என் பழைய அறையில் குளிர்சாதனம் நின்றபோது ஓடிவரக் கொஞ்சம் நேரம் இருந்தது. இங்கே பம்பு நின்றால் சில நொடிகளில் சில்லுகள் தம்மைத் தாமே அணைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே மின்சாரம் தடைப்பட்டாலும் பம்பு நிற்கக் கூடாது.

இனி வருவதுதான் நம் வீட்டுக் குழாயோடு சம்பந்தப்பட்ட செய்தி. அலமாரியிலிருந்து வெளியே வந்த வெப்பம் எங்கே போகிறது?

குளிர் நாடுகளில் சன்னலைத் திறந்துவிட்டாலே பாதி வேலை முடியும். பினாங்கில் பகலில் 31, 32 பாகை, இரவிலும் 24-க்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. அந்தக் காலத்துத் துரைமார்கள் குளிர்ச்சி தேடிக் கொடிமலைக்கு ஏறினார்கள். 1923-இல் ரயிலும் ஓடத் தொடங்கியது. கணினிகளை அப்படி மலையேற்ற முடியாது. அறைக் காற்றை 20 பாகையில் வைத்திருக்க வேண்டுமானால் 10 பாகைக்கும் கீழான தண்ணீர் வேண்டும். அதற்கு அமுக்கி பூட்டிய பெரும் குளிர்பதன இயந்திரம் ஆண்டு முழுவதும் ஓடியாக வேண்டும். அந்த இயந்திரத்தின் வெப்பத்தைப் பெரும்பாலும் கூரைமேல் இருக்கும் குளிர்கோபுரத்தில் தண்ணீரை ஆவியாக்கித்தான் போக்குகிறார்கள்.

ஆவியாகும் தண்ணீர் திரும்பி வராது. 120 கிலோவாட் வெப்பத்தை ஆவியாக்கியே போக்குவதானால், ஒரே ஓர் அலமாரிக்கு நாளொன்றுக்கு 4,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகும். பினாங்கில் வீட்டுத் தேவைக்கு ஒருவர் நாளொன்றுக்குச் செலவிடுவது 250 லிட்டருக்குச் சற்று மேல். அதாவது ஓர் அலமாரி ஏறத்தாழ பதினைந்து பேருடைய தண்ணீரைக் குடித்துவிடும். அலமாரிகள் நூறு என்றால் நாளொன்றுக்கு நான்கு லட்சம் லிட்டர்.

பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி கெடா எல்லையில் ஓடும் சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தின் வால்வுகளை மாற்றும் வேலைக்காகத் தீவிலும் அக்கரையிலும் குழாய்கள் வறண்டபோது, வாளியும் கையுமாக நின்றவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். தோட்டத்தில் பொதுக் குழாயடியில் வரிசை பிடித்து வளர்ந்த தலைமுறைக்குத் தண்ணீரின் அருமையை நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஜொகூரிலும் இந்தக் கவலை எழுந்தது. 2024-இல் அம்மாநிலத்தின் குழு, தரவு மைய விண்ணப்பங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பியது. அண்டை நாடான சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களையே நிறுத்தி வைத்திருந்தது; அதனாலும் கூட்டம் ஜொகூருக்குத் திரும்பியது.

இந்த இடத்தில் குளிர்தட்டு ஒரு நல்ல வேலை செய்கிறது. தரவு மையம் என்றாலே தண்ணீரைக் குடித்துவிடும் என்று பேசுகிறவர்களும் ஒன்றுமே ஆகாது என்று சாதிக்கிறவர்களும் இதைக் கவனிப்பதில்லை. வெப்பத்தைப் பிறந்த இடத்திலேயே பிடித்தால், அதைச் சூடாகவே பிடித்துவிடலாம். சில்லு 70, 80 பாகையிலும் வேலை செய்யும். அதன் முதுகிலேயே தண்ணீர் ஓடினால் அந்தத் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 40 பாகை வெதுவெதுப்பே போதும். 2012-இல் ஜெர்மனியில் மியூனிக் அருகே ஓடத் தொடங்கிய சூப்பர்மக் என்ற மகா கணினி இப்படி வெதுவெதுப்பான தண்ணீரால்தான் குளிர்விக்கப்பட்டது. உள்ளே போகும்போது 40 பாகையாக இருக்கும் தண்ணீர் வெளியே வரும்போது 50 பாகையாக இருக்கும். நம் ஊர் வெளிக்காற்று 32 பாகை. அந்தத் தண்ணீரை லாரி ரேடியேட்டர் போன்ற ஒரு பெரிய ரேடியேட்டரில் விட்டு விசிறி போட்டால் வெளிக்காற்றே அதை ஆற்றிவிடும். குளிர்பதன இயந்திரம் வேண்டாம். ஆவியாக்கத் தண்ணீரும் வேண்டாம். ஒருமுறை நிரப்பிய தண்ணீர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வெதுவெதுப்பான தண்ணீருக்கு நம் சீதோஷ்ணத்தில் இன்னொரு காரணமும் உண்டு. கடையில் ஐஸ் போட்ட தேநீர்க் குவளையை மேசைமேல் வைத்தால் சிறிது நேரத்தில் அது வியர்த்து, அடியில் வட்டமாக ஈரம் கட்டுகிறதல்லவா? பினாங்குக் காற்றில் ஈரம் அவ்வளவு. 24 பாகைக்குக் கீழான எந்தப் பொருளும் வெளிக்காற்று பட்டால் வியர்க்கும். அலமாரிக்குள் குளிர்ந்த தண்ணீர்க் குழாய் ஓடி, ஈரக்காற்றும் உள்ளே வந்துவிட்டால், குழாய் ஓட்டையில்லாமலே கணினிமேல் தண்ணீர் சொட்டும். 40 பாகைக் குழாய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

இதற்குக் குறையே இல்லையா என்றால், உண்டு. காற்றால் ஆற்றும் ரேடியேட்டருக்கு இடம் அதிகம் வேண்டும். விசிறிகளும் அதிகம் வேண்டும். வெயில் கொளுத்தும் நாளில் அது திணறும். அலமாரிக்குள் காற்றுக்குப் போகும் மிச்ச வெப்பத்துக்குப் பழைய குளிர்சாதனமும் தேவைப்படும். கட்டுகிறவர்களுக்குக் கோபுரமே மலிவு. தண்ணீர்க் கட்டணம் குறைவாக இருக்கும் ஊரில் கணக்குப் பார்க்கிறவர் கோபுரத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். ஆகவே, “நாங்கள் திரவத்தால் குளிர்விக்கிறோம்” என்று ஒரு நிறுவனம் சொன்னால் பாதிச் செய்திதான் கிடைத்தது. அலமாரிக்குள் ஓடும் திரவம் ஒரு குடம் தண்ணீரை வீணாக்காமல் ஓடலாம். அதே கட்டடத்தின் கூரையில் கோபுரம் லட்சக்கணக்கான லிட்டரை ஆகாயத்துக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கலாம். நம் வட்டாரத்தில் ஒரு மையம் வருகிறது என்று கேள்விப்பட்டால், கூரையில் என்ன இருக்கும் என்றும், ஆவியாகும் தண்ணீர் குடிநீரா அல்லது சுத்திகரித்த கழிவுநீரா என்றும் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்பதில் தவறில்லை.

பிள்ளைகளின் வேலை பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு தரவு மையத்தில் நிரந்தர வேலையாட்கள் அதிகம் இருப்பதில்லை. தோட்டத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பிழைத்த நிலத்தில் அது அத்தனை பேருக்குச் சோறு போடாது. அப்படி ஆசை காட்டுகிறவர்களை நம்ப வேண்டாம். ஆனால் இருக்கும் வேலைகளில் பல, கணினி எழுதுகிறவர்களுடைய வேலைகள் அல்ல. பம்பு, வால்வு, வெப்பமாற்றி, குழாய்ப் பற்றவைப்பு, தண்ணீரின் தரத்தைச் சோதிப்பது, இரவு நேர முறை வேலை: செம்பனை ஆலையில் கொதிகலன் பார்த்தவரின் மகனுக்கு இவை அந்நியமானவை அல்ல. நம் மாநிலத்தில் நிபோங் தெபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரிலேயே அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கும் மற்றப் பயிற்சி நிலையங்களிலும் விண்ணப்பிக்கப் போகும்போது, குளிர்பதனம் என்றால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பதோடு முடிகிறதா, பெரிய கட்டடத்துத் தண்ணீர்ச் சுற்றும் பம்பும் சேர்த்துக் கற்றுத் தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.